மும்மொழி பேசும் கல்

தண்டலத்தில் மாலை வேளையில் நம்மிடம் ஓத வரும் மாணாக்கன் ஒருவன், தொழிற்சாலையில் பணிபுரியும் தன் தந்தை கொண்டுவந்த அட்டைப்பெட்டித் துண்டொன்றைக் காட்டினான். அதில் சீன எழுத்துகள் அச்சிடப்பட்டிருந்தன. "ஹஜ்ரத், இந்த எழுத்தும் நம் எழுத்தும் எங்கேனும் சேர்ந்து இருந்தது உண்டா?" என்று வினவினான். உண்டு, அதனை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

சில ஆண்டுகட்கு முன் கொழும்பு சென்றிருந்தபோது, அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய ஐந்தடி உயரமுள்ள ஒரு கற்பலகையின் முன் நெடுநேரம் நின்றோம். அதன் ஒரே முகத்தில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆண்டு 1409. அதனை இலங்கைக்குக் கொணர்ந்தவர் மிங் பேரரசரின் கடற்படைத் தலைவரான செங் ஹே. யுன்னான் நாட்டு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்; அவருடைய தந்தையார் 'ஹாஜி' என்றே அழைக்கப்பட்டவர். 1405 முதல் 1433 வரை ஏழு முறை கடற்பயணம் நிகழ்ந்தது. அப்பயணங்களைப் பற்றி நூல் எழுதிய மொழிபெயர்ப்பாளர் மா ஹுவானும் முஸ்லிமே.

கல் கூறும் செய்தி வியப்புக்குரியது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாராகிய திருமாலுக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய முறையிலும் பேரரசரின் காணிக்கைகளைச் சொல்கின்றன. பொன் 1000, வெள்ளி 5000 எனத் தொடங்குகிறது சீனப் பட்டியல்; ஏனைய இரண்டிலும் பொருள்களும் அளவுகளும் ஏறக்குறைய அவையே. ஒருவர்க்கு மிகுதி, மற்றவர்க்குக் குறைவு என்பது இல்லை.

ஆயினும் உண்மையை மறைத்தல் வரலாறு ஆகாது. கல்லில் இத்துணை மரியாதை காட்டிய அதே படை, இலங்கைத் தலைவர் அழகக்கோனாருடன் போரிட்டு, 1411இல் அவரைச் சிறைப்படுத்திச் சீனம் கொண்டு சென்றது. மரியாதையைக் கல்லில் பொறிப்பது எளிது. நடப்பில் காப்பதே அரிது.

பிற்காலத்தார் அக்கல்லையும் காக்கவில்லை. 1911இல் காலி நகரில் அது கண்டெடுக்கப்பட்டபோது, எழுத்துள்ள முகம் கீழ்நோக்கி இருக்க, நீரோடும் கால்வாய் ஒன்றுக்கு மூடியாகக் கிடந்தது. மூன்றனுள் பாரசீகப் பகுதியே மிகவும் தேய்ந்திருக்கிறது.

தேய்ந்த அவ்வெழுத்துகளை ஒன்றொன்றாகக் கூட்டிப் பார்த்தபோது நம் நெஞ்சில் ஓர் எண்ணம் எழுந்தது. அக்கரையில் வணிகம் செய்தோர்க்கு விளங்கவேண்டும் என்றன்றோ தமிழையும் பாரசீகத்தையும் சீனர் தேர்ந்தனர்! தமிழும் அரபெழுத்தும் ஒருங்கே கற்றவர்க்கு அக்கல்லின் இரு பகுதிகள் வாய் திறக்கும். அரபுத் தமிழில் நூல்கள் யாத்த நம் முன்னோர் அத்தகையோர். இன்றோ, தமிழ் கற்ற பிள்ளைக்கு அரபெழுத்து தெரிவதில்லை; அரபு ஓதிய பிள்ளைக்குப் பழந்தமிழ் எட்டுவதில்லை. எழுத்து தேய்வது கல்லில் மட்டுமன்று.

அம்மாணாக்கனிடம் இவற்றைக் கூறினோம். அட்டைத் துண்டைத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்தில் தன் பெயரைத் தமிழிலும் அரபிலும் எழுதினான். அரபில் ஓரெழுத்துப் பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தோம்.