குணங்குடியாரின் குண்டலி

சங்ககிரிக் கோட்டையின் அடுக்கடுக்கான மதில்களைக் கடந்து ஏறுவோர் தஸ்தகீர் மகான் தர்காவைக் காண்பர். 'கைப்பிடித்து உதவுபவர்' எனப் பொருள்படும் தஸ்தகீர், 1166இல் மறைந்த முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரலி) அவர்களின் சிறப்புப் பெயராகும். அவர்களது காதிரிய்யா தரீக்காவைச் சார்ந்தவரே, இராயபுரத்தில் அடங்கியுள்ள குணங்குடி மஸ்தான் சாகிபு. வாசி, குண்டலி, ஆதாரம் என்னும் சொற்கள் அவர் பாடல்களில் வருவது கண்டு ஐயுறுவோர் நம்மிடையே உளர்.

உடலை வெறுக்காது, முதுகந்தண்டின் அடியில் உறங்கும் ஆற்றலை ஆதாரந்தோறும் எழுப்பி, உச்சியில் சிவத்தோடு சேர்ப்பது தாந்திரிகம். மூச்சோடு திக்ரை இணைத்துக் கல்பை விழிக்கச் செய்வது ஸூஃபியாக்களின் நெறி. இரண்டிற்கும் உடலே ஏணி. எனினும் இங்கு ஏணியின் முடிவு தவ்ஹீதே. குணங்குடியார் எடுத்தது சித்தர்களின் சொல்லை. உணர்த்தியது கலிமாவின் பொருளை. சொல்லுக்கு அஞ்சிப் பொருளை இழத்தல் ஆகாது என்பதே நம் கருத்து.