மேரி போப்: தூத்துக்குடியில் நின்றுபோன ஒரு வரி

முத்துக்குளித்துறை பற்றிப் பேசும்போது நாம வழக்கமா பாண்டியர், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர்னு போவோம். இன்னைக்குப் பேசப்போறது ஒரு வீட்டைப் பத்தி, அந்த வீட்டில் நடந்த ஒரு சாவைப் பத்தி.

ஜி.யு.போப் பேரைச் சொன்னதும் நம்ம எல்லாருக்கும் ஒரு கல்லறை ஞாபகம் வரும். ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கு, "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்"னு அதில் எழுதியிருக்குன்னு ஸ்கூல்லேயே சொல்லிக்கொடுத்திருப்பாங்க. கல்லறை உண்மை. அந்த வாசகம் அதில் கிடையாது. அவர் தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுத்தவர், குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வெச்ச கல் இதுங்கிற மாதிரியான விவரம்தான் இருக்கு.

இல்லாத அந்த வரியை நாம எல்லாரும் மனப்பாடமா வெச்சிருக்கோம். நிஜமாவே இருக்கிற இன்னொரு வரியை யாரும் கவனிக்கிறதில்ல. 1912ல் வெளிவந்த பிரிட்டிஷ் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியில் போப்புக்கு ஒரு கட்டுரை உண்டு. அது தர்ற தகவல் இவ்வளவுதான்: முதல் மனைவி மேரி, கார்வர் பாதிரியாரின் மகள். 1841ல் கல்யாணம். 1845ல் தூத்துக்குடியில் இறந்தார்.

அவ்வளவுதான். என்ன நோய், என்ன வயசு, எதையும் அந்த வரி சொல்லல.

25 வயசு

போப் பிறந்தது 1820ல், கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில். சின்ன வயசிலேயே குடும்பம் இங்கிலாந்துக்கு வந்துடுச்சு. 1839ல் சென்னை வந்து இறங்கும்போது அவருக்கு 19 வயசு. இராமாநுசக் கவிராயர்கிட்ட தமிழ் படிச்சார். அப்புறம் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் சாயர்புரத்துக்கு வந்து செமினரி தொடங்கினார். இன்னைக்கும் அந்த ஊர்க் கல்லூரிக்கு அவர் பேர்தான்.

மேரி சாகும்போது போப்புக்கு வயசு 25. நம்ம மனசில் இருக்கிற அந்த வெள்ளைத் தாடித் தாத்தாவைக் கொஞ்ச நேரம் மறந்துடுங்க. இப்போ இதைக் கேட்கிற பல பேரைவிடச் சின்னப் பையன். திருக்குறள் மொழிபெயர்ப்பு வர்றதுக்கு இன்னும் 41 வருஷம் இருக்கு.

1845ன் தூத்துக்குடி

டச்சுக்காரங்க 1658லிருந்து ஆண்ட ஊரு, 1825ல்தான் கடைசியா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கடல் ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் தோணியில்தான் கரைக்கு வரணும். ரயில் வந்தது 1876ல். சென்னை 600 கிலோமீட்டர் தூரம், மாட்டு வண்டி இல்லன்னா கடல். தந்தியே கிடையாது. இங்கே ஒருத்தர் இறந்தா, இங்கிலாந்தில் இருக்கிற சொந்தக்காரங்களுக்குத் தெரிய மாசக்கணக்காகும். அதுவரைக்கும் அவங்களைப் பொறுத்தவரை அந்த ஆள் உயிரோடதான் இருப்பாங்க.

சரி, டாக்டர் பக்கத்திலேயே இருந்திருந்தா? 1845ன் மருத்துவத்தைப் பார்த்துடுவோம். காய்ச்சலுக்குக் காரணம் கெட்ட காத்துன்னு நம்பினாங்க. மலேரியாங்கிற வார்த்தைக்கே அர்த்தம் அதுதான். அட்டை விட்டு ரத்தம் எடுக்கிறது, பாதரசம் கலந்த கலோமெல், அபின் கலந்த லாடனம், இதெல்லாம்தான் வைத்தியம். உருப்படியான மருந்துன்னா குயினைன். பிரசவத்துக்கு முன்னாடி டாக்டர் கை கழுவணும்னு வியன்னாவில் செம்மல்வைஸ் சொன்னதே 1847ல். மலேரியாக் கிருமியைக் கண்டுபிடிச்சது 1880ல். காலராக் கிருமியைத் தேடி ராபர்ட் காக் கல்கத்தா வந்தது 1883 கடைசியில்.

காலராவை மட்டும் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏன்னா அது இந்தக் கரையோடு சம்பந்தப்பட்டது. முத்துக்குளிப்பு சீசனில் கடற்கரையில் திடீர்னு ஒரு தற்காலிக ஊரே முளைக்கும். முக்குளிப்பவர், தோணிக்காரர், வியாபாரி எல்லாரும் ஒரே இடத்தில், ஒரே தண்ணியில். குவியலா அழுகிற சிப்பி வேற. காலரா பரவ இதைவிட வசதியான இடம் கிடையாது. காலராவில் ஆளைக் கொல்றது உடம்பில் தண்ணியும் உப்பும் வத்திப்போறது. சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் கரைச்சுக் குடிச்சா பெரும்பாலானவங்க பிழைச்சுக்கலாம்னு நிரூபிச்சது 1960களில். தூத்துக்குடியில் உப்புக்கா பஞ்சம்? மருந்தின் பாதி காலடியிலேயே கிடந்திருக்கு.

இன்னொரு வீடு

அதே ஜில்லா, அதே காலம். இடையன்குடியில் ராபர்ட் கால்டுவெல். 1844ல் அவர் எலைசா மால்ட்டைக் கல்யாணம் பண்றார். எலைசா நாகர்கோவிலில் வளர்ந்தவங்க, தமிழ் தண்ணி பட்ட பாடு. பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம், அம்மா மார்த்தாகிட்ட கத்துக்கிட்ட லேஸ் பின்னல்னு அந்த ஊரையே மாத்தினாங்க. 1891ல் கணவர் இறந்து, அதுக்கப்புறமும் 8 வருஷம் இருந்து 1899ல் இறந்தாங்க.

கல்யாணத்துக்கு அப்புறம் எலைசாவுக்குக் கிடைச்சது 55 வருஷம். மேரிக்குக் கிடைச்சது நாலு. எலைசாவைப் பத்தி எழுத நமக்கு நிறைய இருக்கு. திறமை ஒரு காரணம்தான். ஆனா அதுக்கும் முன்னாடி, அவங்க உயிரோட இருந்தாங்க. சாதனைகளை எண்ணும்போது இதை நாம கணக்கில் சேர்க்கிறதே இல்ல.

போப் 1849ல் சென்னையில் ஹென்ரியட்டாவை மறுமணம் செய்துக்கிட்டார். மூணு மகன்களில் தாமஸ் ஹென்றி, சென்னை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவப் பேராசிரியர் ஆனார். 1908ல் போப் இறந்தார். 1911ல் ஹென்ரியட்டாவையும் அதே கல்லறையில் வெச்சாங்க. மேரி மட்டும் இந்தக் கரையில்.

வரி இல்லாதவங்க

இங்கே ஒண்ணு யோசிக்கணும். மேரிக்காவது ஒரு வரி இருக்கு. அதே 1845ல் அதே காய்ச்சலில், அதே காலராவில் போன பரதவர் வீட்டுப் பெண்ணுக்கு? பனையேறி வீட்டுக் குழந்தைக்கு? மதராஸ் மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து ஜே.ஜே.காட்டன் 1905ல் புத்தகமே போட்டார். அதில் இருக்கிறது பெரும்பாலும் ஐரோப்பியர். இந்தியா முழுக்கப் பிறப்பு இறப்புப் பதிவைக் கட்டாயமாக்கின சட்டம் வந்தது 1969ல்.

ஆனா நம்ம ஊர்க்காரங்க சும்மா இருக்கல. பழைய சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீங்க. ரெண்டு கல் நட்டு, மேலே குறுக்கே ஒரு கல். தலைச்சுமையை இறக்கி வெச்சுட்டு மூச்சு வாங்க. வயித்துப் பிள்ளையோட இறந்த பெண்ணுக்காக அதை நடுறது வழக்கம். அவ இறக்கி வைக்க முடியாத சுமையை, வழியில் போறவங்களாவது இறக்கி வைக்கட்டும்னு. பல கல்லில் பேர் இருக்காது. அந்தக் காலத்துக் குடும்பம் தன் துக்கத்தைப் பதிவு பண்ணின விதம் அது.

இன்னைக்கு அந்தக் கல்லுக்கு மேலேயே ரோடு அகலமாகுது. அதனால ஒரு சின்ன வேலை. உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட, "பாட்டி, உங்ககூடப் பிறந்தவங்க மொத்தம் எத்தனை பேர்?"னு கேளுங்க. பிழைச்சவங்க எண்ணிக்கை முதலில் வரும். கொஞ்சம் காத்திருந்தா, மீதிப் பேரும் வரும். பேர், ஊர், என்ன காய்ச்சல், எந்த வருஷம். ஒரு வரி போதும், எழுதி வெச்சுடுங்க.