இரண்டாம் இடம்

பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் நிற்கும் கல்திட்டைகளில் எவர் பெயரும் இல்லை. யாருக்காக இத்தனை பாடுபட்டு அந்தப் பலகைக் கற்களைத் தூக்கி நிறுத்தினார்கள் என்பதைக் கவுஞ்சியிலிருந்து மலையிறங்கும் நாம் ஊகிக்கத்தான் முடிகிறது. நடுகற்களின் கதை வேறு. ஆநிரை மீட்டு மாண்டவன், புலியோடு பொருது விழுந்தவன் என்று பெயரும் செயலும் அவற்றில் வெட்டப்பட்டிருக்கும். ஒருவரைச் சிறப்பிப்பது என்றால் அவர் பெயரை அழியாத இடத்தில் எழுதிவைப்பது என்றே நம் முன்னோர் கருதியிருக்கிறார்கள். இன்றைய விளையாட்டுலகில் பதக்கப் பட்டியல்களும் புகழ்க்கூடங்களும் அந்தக் கல்லின் வேலையைச் செய்கின்றன. அவ்வாறு ஈட்டப்பட்டுப் பின்னர் பறிக்கப்பட்ட இரண்டு இரண்டாம் இடங்களைப் பற்றி இங்கே பேச விரும்புகிறோம். ஒன்று அமெரிக்கச் சாஃப்ட்பால் அணி ஒன்றுக்குரியது. மற்றொன்று நம் புதுக்கோட்டைப் பெண்ணுக்குரியது.

சாஃப்ட்பாலைப் பேஸ்பாலின் தங்கை எனலாம். 1887இல் சிகாகோவின் படகுக் கழகம் ஒன்றில், குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகக் கட்டித் துடைப்பக் கட்டையால் அடித்து விளையாடியதில் பிறந்தது. மாலைகளிலும் வார இறுதிகளிலும் சாமானியர் கூடி ஆடும் ஆட்டமாகவே அது வளர்ந்தது. தொழில்முறை பேஸ்பால் அரங்கில் தன்பாலீர்ப்பாளர் வாய் திறக்க இயலாதிருந்த காலத்தில், அவர்கள் தமக்கென அணிகள் அமைத்துக்கொண்டது இந்த ஆட்டத்தில்தான். 1977இல் அத்தகைய நகர லீக்குகளை இணைக்கும் கூட்டமைப்பு ஒன்று உருவாகி, ஆண்டுதோறும் தனக்கென உலகத் தொடரை நடத்தத் தொடங்கியது. பின்னர் ஒரு புகழ்க்கூடத்தையும் ஏற்படுத்திக்கொண்டது. மைதானத்தில் சாதித்தவர்களோடு, லீக்குகளைக் கட்டி நடத்தியவர்களும் அதில் இடம்பெறுகிறார்கள். ஊர்த் திருவிழாவில் பரிவட்டம் மறுக்கப்பட்டவர்கள் தாமே ஒரு கோயில் எழுப்பிக்கொண்ட கதைகள் நமக்குப் புதியவை அல்ல.

அந்த மறுப்பு எத்தகையது என்பதற்கு க்ளென் பர்க்கின் வாழ்க்கையே சான்று. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் இளம் வீரர். 1977 அக்டோபர் 2 அன்று சக வீரரை வாழ்த்த அவர் உயர்த்திய கையையே, இன்று உலகமெங்கும் சிறுவர்கள் தட்டிக்கொள்ளும் 'ஹை ஃபைவ்' சைகையின் தொடக்கமாகப் பலரும் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டே அவர் வேறு அணிக்கு மாற்றப்பட்டார்; சில ஆண்டுகளில் தொழில்முறை ஆட்டமே முடிந்துபோயிற்று. அதன்பின் அவர் மட்டை பிடித்தது சான் பிரான்சிஸ்கோவின் தன்பாலீர்ப்பாளர் சாஃப்ட்பால் லீக்கில். 1995இல் இறந்த அவரை டாட்ஜர்ஸ் நிர்வாகம் சிறப்பித்தது 2022இல்.

ஆனால் தாமே எழுப்பிய கோயிலிலும் வாயிற்காவலர்கள் தோன்றிவிடுகிறார்கள். 2008இல் சியாட்டில் நகரில் நடந்த உலகத் தொடரில் சான் பிரான்சிஸ்கோவின் டி2 என்ற அணி இறுதி ஆட்டம்வரை வந்து இரண்டாம் இடம் பெற்றது. ஓர் அணியில் எதிர்பாலீர்ப்பு கொண்டவர் இருவருக்கு மேல் கூடாது என்பது அன்றைய விதி. டி2 அதை மீறிவிட்டதாகப் புகார் எழவே, வீரர்களை ஓர் அறைக்கு அழைத்து, அவர்கள் யார்மீது நாட்டம் கொண்டவர்கள் என்று பிறர் முன்னிலையில் விசாரித்தார்கள். மூவர் "தன்பாலீர்ப்பாளர் அல்லர்" என்று தீர்மானிக்கப்பட்டது. இரண்டாம் இடம் பறிபோயிற்று. இருபாலீர்ப்புக்கு அந்த அறையில் இடமில்லாமல் போனது விந்தைதான். மூவரும் 2010இல் நீதிமன்றம் சென்றார்கள். எதிர்பாலீர்ப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் உரிமை அமைப்புக்கு உண்டென்றே நீதிபதி கூறினார். எனினும் 2011இல் சமரசம் ஏற்பட்டது. அமைப்பு வருத்தம் தெரிவித்தது, விதியைத் தளர்த்தியது, அணியின் இரண்டாம் இடத்தை ஏற்றுக் கோப்பையையும் வழங்கியது.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2006 டிசம்பரில், தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 3.16 விநாடியில் முடித்து வெள்ளி வென்றார். கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். சில நாட்களில் பாலினச் சோதனையில் தேறவில்லை என்று கூறிப் பதக்கத்தைப் பறித்தார்கள். சாந்தியின் வழக்கு ஈர்ப்பு சார்ந்ததன்று, உடல் சார்ந்தது. இரண்டையும் நாம் குழப்பவில்லை. மூடிய அறையில் பிறர் கூடி "நீ யார்" என்று தீர்ப்பெழுதிய முறையே நமக்கு டி2 அணியை நினைவூட்டுகிறது.

தமிழகம் அவரை முற்றாகக் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சோதனைச் செய்தி வெளியான பின்னும் அன்றைய முதல்வர் மு. கருணாநிதி அவருக்கு 15 லட்ச ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் வழங்கினார். சாந்தி புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஓட்டப் பயிற்சி அளிக்க முற்பட்டார். ஆயினும் 2012இல் அவர் மீண்டும் சூளையில் தினக்கூலியாக நின்றார். பயிற்சியாளர் பணி நிரந்தரமானது 2016இல்தான்.

ஒடிசாவின் தூத்தி சந்தின் வாழ்வில் இவ்விரு இழைகளும் ஒன்றாகின்றன. ஹார்மோன் அளவைக் காட்டி 2014இல் விலக்கப்பட்ட அவர், லொசான் விளையாட்டு நடுவர் மன்றத்தில் வாதாடி, 2015இல் அந்த விதியை நிறுத்திவைக்கச் செய்தார். 2019இல் தாம் ஒரு பெண்ணை நேசிப்பதாகப் பகிரங்கமாக அறிவித்தார். 2020இல் அர்ஜுனா விருது பெற்றார். 2023இல் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டில் நான்காண்டுத் தடை பெற்றது வேறு கணக்கு. அதனால் முன்னது பொய்யாகிவிடாது. சாந்திக்கு அப்படி வாதாட 2006இல் வழக்கறிஞரும் இல்லை, பக்கம் நிற்க ஓர் அமைப்பும் இல்லை.

உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பர் முதல் பெண்கள் பிரிவுக்கு மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதன் சரி தவறுகளை அறிவியலாளர் விவாதிக்கட்டும். டி2 அணிக்குக் கோப்பை திரும்ப மூன்று ஆண்டுகள் ஆயின. தோஹாவில் சாந்தி ஓடி முடித்த 2:03.16 இன்னும் முடிவுப் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கிறது. அதைத் திரும்ப எழுதச் சொல்லி ஆசிய ஒலிம்பிக் மன்றத்திடம் கேட்கும் பொறுப்பு இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்கு உண்டு என்றே நாம் கருதுகிறோம்.