அனந்த் பை

அனந்த் பை (17 செப்டம்பர் 1929 – 24 பிப்ரவரி 2011) இந்தியச் சித்திரக்கதைப் பதிப்பாசிரியர். அமர் சித்திர கதை என்னும் நூல்வரிசையையும் டிங்கிள் என்னும் சிறுவர் இதழையும் உருவாக்கி வளர்த்தவர். சித்திரக்கதை என்பது கட்டங்களாகப் பகுத்த படங்களாலும், பாத்திரங்களின் பேச்சைத் தாங்கும் குமிழ்களாலும், கதையை இணைக்கும் குறுங்குறிப்புகளாலும் நகரும் கதைவடிவம். காமிக்ஸ் என்ற பெயரே மக்களிடையே பெருவழக்கு. பை ஓவியர் அல்லர். தாம் நடத்திய வரிசைக்கு முதல் போட்டவரும் அல்லர். எக்கதையை எடுப்பது, அதில் எதை விடுப்பது, அச்சான நூலை எவ்வாறு பெற்றோரும் பள்ளியும் ஏற்கும்படி செய்வது என்பவற்றைத் தீர்மானித்ததே அவர் ஆற்றிய பணி. வாசகச் சிறுவர்கள் அவரை 'அங்கிள் பை' என்று அழைத்தனர்.

இளமை

இன்றைய கர்நாடக மாநிலத்தின் உடுப்பி மாவட்டத்திலுள்ள கார்க்களாவில் கொங்கணி பேசும் குடும்பத்தில் பிறந்த பை, இரண்டு வயதிலேயே பெற்றோரை இழந்தார். பன்னிரண்டாம் வயதில் பம்பாய்க்கு வந்து, மாகிம் பகுதிப் பள்ளியிலும், பின்னர்ப் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறையிலும் பயின்றார். பதிப்புத்தொழிலில் நாட்டங்கொண்டு 1954இல் 'மானவ்' என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார், அது நீடிக்கவில்லை.

இந்திரஜால் காமிக்ஸ்

பின்னர் டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் நூல் பிரிவில் சேர்ந்த பை, 1964 மார்ச்சில் அந்நிறுவனம் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் வரிசையில் பங்கேற்றார். அயல்நாட்டு நாயகர்களுள் எவரை முதலில் கொண்டுவருவது என்ற கேள்வி எழுந்தபோது, வானில் பறக்கும் சூப்பர்மேனைக் காட்டிலும் காட்டில் குதிரையேறித் திரியும் முகமூடி வீரர் ஃபேண்டமே இந்திய வாசகருக்கு நெருக்கமானவர் என அவர் பரிந்துரைத்ததாகக் கூறப்படுகிறது. இவ்வீரரே பிற்காலத்தில் ராணி காமிக்ஸ் வாயிலாக 'மாயாவி' என்ற பெயரில் தமிழ்ச் சிறுவரிடையே புகழ்பெற்றவர். இந்திரஜால் விற்பனையில் வென்றாலும் அதன் தொடக்கக் கதைகள் இறக்குமதியாகவே இருந்தன. உள்நாட்டுக் கதைகளுக்கு அதே வடிவம் பொருந்தும் என்ற எண்ணம் பையிடம் இக்காலத்தில் உருவாகியிருத்தல் கூடும்.

அமர் சித்திர கதையின் தோற்றம்

நூல்வரிசையின் தோற்றம் குறித்து இருவேறு செய்திகள் வழங்குகின்றன. பை பலமுறை எடுத்துரைத்ததும் பெரிதும் பரவியதுமான செய்தியின்படி, 1967 பிப்ரவரியில் தில்லியில் ஒரு கடையிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டியில் அவர் வினாடிவினா நிகழ்ச்சி ஒன்றைக் கண்டார். கிரேக்கப் புராணம் பற்றிய வினாவுக்குத் தயங்காது விடையிறுத்த மாணவர்கள், இராமனின் தாய் யார் என்ற வினாவுக்கு விடையறியாது விழித்தனர். இதுவே அவரைத் தூண்டியது. மற்றொரு செய்தியின்படி, இவ்வரிசையை வெளியிட்ட இந்தியா புக் ஹவுஸ் நிறுவனத்தின் பெங்களூர்க் கிளையைச் சேர்ந்த ஜி. கே. அனந்தராம், 1965 அளவிலேயே சித்திரக்கதைகளைக் கன்னடத்தில் வெளியிடும் திட்டத்தை முன்வைத்து நடத்திக் காட்டினார். அதன் வெற்றியே பம்பாய்த் தலைமையகத்தை இத்துறைக்கு இழுத்தது. வரிசையின் முதல் பத்து எண்கள் சிண்ட்ரெல்லா போன்ற மேலைநாட்டுத் தேவதைக் கதைகளுக்குரியனவாக இருப்பதும், முதல் இந்தியக் கதையான 'கிருஷ்ணா' பதினொன்றாம் எண்ணைப் பெற்றிருப்பதும் இரண்டாம் செய்திக்கு அரண் செய்கின்றன. எனினும் இந்தியக் கதைகளாலான வரிசைக்கு வடிவும் தொடர்ச்சியும் தந்தவர் பை என்பதில் கருத்து வேறுபாடு அதிகமில்லை. தொடக்க ஆண்டு பொதுவாக 1967 எனக் குறிக்கப்பட்டாலும், 'கிருஷ்ணா' ஓரிரு ஆண்டுகள் பிந்தியே வெளிவந்ததாகக் கொள்வாரும் உளர்.

தொடக்க இதழ்கள்

'கிருஷ்ணா' இதழுக்குப் பை தாமே கதை எழுத, ராம் வாயிர்கர் படம் வரைந்தார். செலவைக் குறைக்கும் பொருட்டு மஞ்சள், நீலம், பச்சை எனச் சில வண்ணங்களை மட்டுமே கொண்டு தொடக்க இதழ்கள் அச்சிடப்பட்டன. முழுவண்ணம் பின்னரே வந்தது. ஒவ்வோர் இதழும் முப்பது பக்கங்களை ஒட்டிய அளவில், ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்கதாக அமைந்தது.

'கிருஷ்ணா' இதழின் இரு பதிப்புகளுக்கிடையே உள்ள வேறுபாடு பையின் பதிப்புமுறையை விளக்கும் நல்ல சான்றாகும். கண்ணன் கோவர்த்தன மலையைக் குடையாகத் தூக்கிப் பிடிக்கும் காட்சி பாகவதக் கதையில் எவரும் எதிர்பார்க்கும் இடம். அறிவியல் பயின்ற பை, அற்புத நிகழ்ச்சிகளைக் குறைத்துக் கண்ணனை மனித நாயகனாகக் காட்ட விரும்பியமையால் முதல் பதிப்பில் அக்காட்சியை இடம்பெறச் செய்யவில்லை. ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் திருத்திய பதிப்பு வந்தபோது மலை தூக்கும் காட்சி சேர்க்கப்பட்டது. வாசகரின் எதிர்பார்ப்புக்குப் பதிப்பாசிரியர் இணங்கிய தருணமாக இதனை ஆய்வாளர் காண்பர்.

அடுத்து வந்தவை சகுந்தலை, சாவித்திரி, நளன் தமயந்தி, அரிச்சந்திரன், அனுமன் முதலிய புராண, இதிகாசக் கதைகள். இருபத்தோராம் எண்ணான 'சாணக்கியா'விலிருந்து புத்தர், சிவாஜி, ராணா பிரதாப் என வரலாற்று மாந்தரும் இடம்பெறலாயினர். தமிழ் மரபிலிருந்து கண்ணகி, இராசராச சோழன், இராமானுசர், சுப்பிரமணிய பாரதி ஆகியோர் பற்றிய இதழ்களும் வெளிவந்தன.

பதிப்புமுறையும் விற்பனையும்

தொடக்கத்தில் விற்பனை மந்தமாகவே இருந்தது. காமிக்ஸ் படிப்பது பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் என்ற எண்ணம் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் வேரூன்றியிருந்தமையால், கடைக்காரர்கள் இந்நூல்களைக் காட்சிக்கு வைக்கத் தயங்கினர். பை நூல்களை எடுத்துக்கொண்டு பள்ளிகளுக்கும் கடைகளுக்கும் நேரில் சென்றார். 1978இல் பள்ளிக்கல்வியில் சித்திரக்கதையின் பங்கு பற்றித் தில்லியில் நடந்த கருத்தரங்கில் அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் பிரதாப் சந்திர சந்தர் பங்கேற்றது, இவ்வடிவத்திற்குக் கல்வியுலகில் ஓரளவு மதிப்பை ஈட்டித் தந்தது. இதன்பின், பாடவேளையில் பறிமுதல் செய்யப்பட்டுவந்த அதே வகைப் புத்தகம் பள்ளி நூலக அலமாரியில் இடம்பிடித்தது. பையின் வாழ்க்கைப் பணியில் இதனைவிடப் பெரிய வெற்றி வேறில்லை எனலாம்.

நூல் உருவாக்கத்தில் கமலா சந்திரகாந்த், சுப்பா ராவ், லூயிஸ் பெர்னாண்டஸ் ஆகியோர் துணைநின்றனர். கதையுரை மூலநூல்களைத் தழுவி எழுதப்பட்டு, பையின் திருத்தத்திற்குப் பின் ஓவியரிடம் செல்லும். பிரதாப் முல்லிக், திலீப் கதம், யூசுப் லியன் முதலியோர் வரைந்த உருவங்களில் இரவிவர்மா ஓவியங்களின் சாயலும் அமெரிக்கக் காமிக்ஸ் நாயகரின் உடற்கட்டும் ஒருங்கே காணப்படுகின்றன. கசப்பான உண்மையைச் சொல்லாது தவிர்ப்பது நன்று என்னும் கருத்துடைய வடமொழி நீதிமொழியைப் பை தம் கொள்கையாகக் கொண்டிருந்தார். சிறுவருக்கு ஒவ்வாதன என அவர் கருதிய செய்திகள் பலவும் இதனால் விடுபட்டன.

1985 முதல் 42 பகுதிகளாக வெளிவந்த 'மகாபாரதம்' இவ்வரிசையின் மிகப்பெரிய முயற்சி. சில ஆண்டுகளில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான இதிகாசத் தொடர்களின் ஒப்பனையிலும் காட்சியமைப்பிலும் அமர் சித்திர கதையின் தாக்கம் உண்டு என்பர். 1991இல் 436 இதழ்களுடன் புதிய தலைப்புகள் நின்றன; நேரு பற்றியது இறுதி இதழ். ஏறத்தாழ இருபது மொழிகளில் பத்துக் கோடிப் படிகள் வரை விற்றிருக்கலாம் என்ற மதிப்பீடு உண்டு. ஆயினும் மூலத்துக்கு மூலம் எண்ணிக்கை வேறுபடுகிறது.

டிங்கிள்

1980இல் தொடங்கிய டிங்கிள், சித்திரக்கதையோடு அறிவியல் குறிப்பு, புதிர், வாசகர் அனுப்பும் நாட்டுப்புறக் கதை ஆகியவற்றையும் தாங்கிய இதழ். இதற்கான யோசனையை அளித்தவர் சுப்பா ராவ் என்பர். லூயிஸ் பெர்னாண்டசும் ஓவியர் வசந்த் ஹல்பேயும் படைத்த வேட்டைக்காரர் 'ஷிகாரி ஷம்பு', தொப்பியால் கண்கள் மறைய, தற்செயலாகவே வெல்பவர்.

இதழின் புகழ்மிக்க பாத்திரமான சுப்பாண்டி தமிழகத்திலிருந்து சென்றவன். திருச்சிராப்பள்ளி வாசகர் ஒருவர் அனுப்பிய வேடிக்கைக் கதைகளை அடிப்படையாகக் கொண்டு, சொன்னதைச் சொன்னபடியே செய்து முதலாளியைத் திணறடிக்கும் இவ்வேலைக்காரன் 1983இல் அறிமுகமானான். ராம் வாயிர்கர் அவனுக்குத் தந்த உச்சி தட்டையான தலையும் முன்நீண்ட மூக்கும் அவருக்குப் பின் அவர் மகள் அர்ச்சனா அம்பேர்கர் வரைந்த படங்களிலும் மாறவில்லை. வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு 1980களில் வெளிவந்த 'பூந்தளிர்' இதழ் இக்கதைகளைத் தமிழில் தந்தது. அதில் ஷிகாரி ஷம்பு 'வேட்டைக்கார வேம்பு' ஆனார். காலியா என்ற காகம் 'காக்கை காளி' ஆயிற்று. சுப்பாண்டி மட்டும் பெயர் மாறாமல் ஊர் திரும்பினான்.

பிற பணிகள்

1969இல் ரங் ரேகா ஃபீச்சர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, நாளிதழ்களுக்கும் சிறுவர் இதழ்களுக்கும் படக்கதைகளை வழங்கினார். 1978இல் இளையோருக்கான ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி நிறுவனம் ஒன்றையும் நிறுவினார்.

மதிப்பீடு

கார்லைன் மெக்லைன், நந்தினி சந்திரா ஆகியோரின் நூல்கள் அமர் சித்திர கதை வரிசையை விரிவாக ஆராய்கின்றன. நாயகர்கள் வெளிர்நிறத்தினராகவும் அரக்கர்கள் கருநிறத்தினராகவும் வரையப்பட்டமை, பெண்களின் தியாகமே பெருமையாகப் போற்றப்பட்டமை, வட இந்திய உயர்சாதி மரபே இந்திய மரபாக முன்னிறுத்தப்பட்டமை ஆகியன திறனாய்வாளர் சுட்டும் குறைகள். வால்மீகி முன்னர் வழிப்பறி செய்தவராகக் காட்டப்பட்டதை எதிர்த்துப் பஞ்சாபில் அவர் பெயர் தாங்கிய சமூகத்தினர் கண்டனம் எழுப்பினர். அக்பர், கபீர், அம்பேத்கர், இயேசு கிறித்து பற்றிய இதழ்களைச் சுட்டி, தேசிய ஒருமைப்பாடே வரிசையின் நோக்கம் என்று மறுமொழி கூறுவாரும் உளர். கருத்து மாறுபாடு எவ்வாறாயினும், ஒரு தலைமுறையின் நினைவில் புராண மாந்தரின் முகங்களை இவ்வரிசையே பெரிதும் வரைந்தது என்பதை இரு தரப்பினரும் ஏற்பர்.

இறுதிக்காலம்

2007இல் அமர் சித்திர கதையும் டிங்கிளும் ஏசிகே மீடியா நிறுவனத்தின் கைக்குச் சென்றன. அதன்பின் கணினித்திரைப் பதிப்புகளும் அசைபடங்களும் வெளிவரலாயின. 2011 பிப்ரவரியில் தில்லியில் நடந்த இந்தியாவின் முதல் காமிக் கான் விழாவில் பைக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது அறிவிக்கப்பட்டது. சில நாட்களில், பிப்ரவரி 24 அன்று, மாரடைப்பால் மும்பையில் காலமானார். அவ்வாண்டு செப்டம்பர் 17 அன்று கூகுள் தளம் தன் முகப்பை அவர் நினைவாகச் சித்திரக்கதை வடிவில் அமைத்தது. அவர் தொகுத்த இதழ்களுள் பெரும்பாலானவை இன்றும் மறுபதிப்பாக விற்பனையில் உள்ளன.