மலையகச் சிறாரும் சமூகப் பணியும்

மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரன் வரலாற்றைத் தமிழ் மாணவர் அறிவர். ஈன்ற தாய் அவனைக் கைவிட்டாள்; பசுவொன்று ஏழு நாள் பாலூட்டிக் காத்தது; இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்துக் கல்வி புகட்டினான். அக்குழந்தையே பின்னர் அமுதசுரபி ஏந்திப் பலர் பசி தீர்த்தது. ஆதரவற்ற சிறாரைக் காத்தல் தனியொருவர் அருளாக நின்ற காலம் அது. அவ்வருள் சட்டமாகவும், பயின்று செய்யும் தொழிலாகவும் வளர்ந்த வகையைக் கண்டிச் சீமையை முன்வைத்து நோக்குதல் இக்கட்டுரையின் கருத்தாகும்.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் பெரும்பாலும் அறுவடைப் பருவத்துக்கு வந்து மீண்டனர். அவருள் ஆடவரே மிகுதி. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தல் வேண்டும். அதற்குப் பெண்களின் கைகள் வேண்டும். ஆதலின் குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. தாய் மலையேறிய பின் குழந்தையைப் பார்ப்பவர் யார் என்ற வினா அன்று பிறந்தது. பிள்ளைக் காம்பராவும் அதன் ஆயாவும் அவ்வினாவுக்குத் தோட்டம் தந்த விடை. தெல்தோட்டை, கலஹா, புசல்லாவை, மடுல்கலை ஆகிய பகுதிகளில் இளஞ்சிறாரும் கொழுந்துக் கூடை சுமந்தனர்.

சட்டம் மெல்லவே வந்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 10 வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேல் வைத்தது. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் 10 வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்தலைத் தடுத்தது. 1939இல் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமும், 1941இல் மகவேற்புக் கட்டளைச் சட்டமும், 1944இல் குற்றவாளிகள் நன்னடத்தைக் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டன. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் சிறப்பு யாதெனில், பிழை செய்த சிறுவனையும் பராமரிப்பற்ற சிறுவனையும் தண்டனைக்குரியோனாகவன்றிக் காவலுக்குரியோனாக அது நோக்கியமையே.

ஆயினும் சட்டம் தானாக நடவாது, நடத்துவோர் வேண்டும். சென்னை மாகாணத்தில் 1920இலேயே சிறுவர் சட்டம் தோன்றிற்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் அவ்வை இல்லத்தை நிறுவினார். 1936இல் பம்பாயில் டாட்டா சமூகப்பணிக் கல்லூரி தொடங்கியது. இலங்கையில் 1952இல் சமூகப்பணிப் பயிற்சி நிறுவனமொன்று உருவாயிற்று. இன்று தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாக விளங்கும் அது சமூகப்பணியில் இளமாணிப் பட்டமும் வழங்குகின்றது. இரக்கம் மட்டும் போதாது, சட்டமும் உளவியலும் கள அனுபவமும் வேண்டும் என்னும் உண்மையை இந்நிறுவனங்கள் நிலைநாட்டின.

1991இல் இலங்கை ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சாசனத்தை ஏற்றது. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைச் சட்டம் வந்தது. வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்ந்தது. எனினும், பள்ளியைவிட்டு நகர வீடுகளுக்குப் பணிசெய்யச் சென்ற தோட்டச் சிறாரின் துயரக் கதை மலையகம் முழுவதும் அறிந்ததே.

இங்கேதான் நம் மாணவர் சிந்தித்தல் வேண்டும். தாய் வெளிநாட்டில், தந்தை குடியில், பாட்டியின் நிழலில் வாழும் ஒரு சிறுமி நீதிமன்றத்தின் முன் நிற்கின்றாள் எனக் கொள்வோம். அவளை வீட்டுக்கு அனுப்புவதா, இல்லத்தில் சேர்ப்பதா என்று நீதிபதி ஆராயுங்கால் நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையே பெருந்துணையாகும். அதை எழுதுவோர் லயத்துக்குச் சென்று பாட்டியோடு அவள் மொழியிலேயே பேசி, அண்டை அயலாரை வினவி எழுதினாரெனில் நீதி பிழையாது. மொழியறியார் எழுதின், அச்சத்தால் வந்த மௌனம் சம்மதமாகப் பதிவாதல் கூடும். ஒரு சொல் பிழைத்தால் ஒரு வாழ்வு பிழைக்கும்.

இத்தொழிலை நாடும் மாணவர் இரண்டை உணர்தல் நன்று. முதலாவது, பொருள் பெருகும் தொழில் இதுவன்று, அலைச்சல் மிகுதி. இரண்டாவது, எல்லாச் சிறாரையும் தாம் காப்பாற்றிவிடலாம் என்னும் எண்ணத்தோடு புகுவோர் விரைவிற் சோர்வர். ஒரு குடும்பத்தைப் பன்முறை பொறுமையோடு கண்டு வருவோரே நிலைப்பர். தமிழோடு சிங்களமும் கற்றல் இன்றியமையாதது. நீதிமன்றம், காவல் நிலையம், வைத்தியசாலை ஆகிய மூன்றிடத்தும் அது பயன்படும்.

மருத்துவமும் பொறியியலும் நம் மாணவர் பலர் விரும்புந் துறைகள், விரும்புதல் தக்கதே. ஆயினும், தோட்டத்துப் பிள்ளைகளின் மொழியையும் வாழ்வையும் உள்ளிருந்து அறிந்த மாணவருக்கு, வேறெவரும் எளிதிற் பெறவியலாத தகுதியொன்று இத்துறையில் முன்னரே வாய்த்துள்ளது. அத்தகுதியைக் கல்வியால் நிறைவு செய்தல் அவர்தம் கடன்.