இலினோயின் இரண்டாவது ஆளுநர்

இலினோய் என்றவுடன் ஆபிரகாம் லிங்கனின் பெயரே நம்மவர் நினைவுக்கு வரும். லிங்கன் அம்மாநிலத்திற்குக் குடிவந்தது 1830 இல். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே, அம்மாநிலம் அடிமை மாநிலமாக மாறுவதா இல்லையா என்ற கேள்வி வாக்குச் சீட்டால் தீர்க்கப்பட்டுவிட்டது. அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய எட்வர்ட் கோல்ஸ் என்ற ஆளுநரை இன்று அமெரிக்கர்களிலேயே பலர் அறியார்.

1787 ஆம் ஆண்டின் வடமேற்குக் கட்டளைச் சட்டம் அப்பிரதேசத்தில் அடிமைமுறையைத் தடைசெய்திருந்தது. ஆயினும் சட்டம் ஏட்டில் இருந்தது. அடிமைகள் வயல்களில் இருந்தனர். ஒப்பந்தத் தொழிலாளர் என்று பெயரை மாற்றிக்கொண்டால் போதுமாயிருந்தது. பிரதேச ஆளுநராக இருந்த நினியன் எட்வர்ட்ஸ், இந்த ஒப்பந்த முறையை நீக்க 1817 இல் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவைத் தமது அதிகாரத்தால் தடுத்தார். 1818 இல் இலினோய் மாநிலமானபோது போட்டியின்றித் தெரிவான முதலாவது ஆளுநர் ஷட்ராக் பொண்டும் அடிமைகளை வைத்திருந்தவரே.

கோல்ஸ் வேர்ஜீனியாவின் செல்வந்தத் தோட்டக் குடும்பமொன்றிலே பிறந்தவர்; ஜனாதிபதி மடிசனின் அந்தரங்கச் செயலாளராகப் பணியாற்றியவர். அடிமை ஒழிப்புக்குத் தலைமை தாங்குமாறு 1814 இல் தோமஸ் ஜெபர்சனுக்குக் கடிதம் எழுதினார். அது இளைஞர்களுக்குரிய பணி, தமக்கு வயதாகிவிட்டது என்று ஜெபர்சன் நழுவிவிட்டார். மனிதர் யாவரும் சமமெனப் பிரகடனம் எழுதிய கை அது! கோல்ஸ் காத்திருக்கவில்லை. 1819 இல் தமது அடிமைகளை அழைத்துக்கொண்டு மேற்கே புறப்பட்டவர், ஒகையோ நதியில் படகு சென்றுகொண்டிருக்கும்போதே அவர்களுக்கு விடுதலை என்று அறிவித்தார். இலினோயில் குடும்பத் தலைவர்களுக்கு 160 ஏக்கர் நிலமும் வழங்கினார்.

1822 ஆளுநர் தேர்தலில் நால்வர் போட்டியிட்டனர். அடிமைமுறை ஆதரவாளர்களின் வாக்குகள் சிதறியதால் மூன்றிலொரு பங்கு வாக்குகளுடன் கோல்ஸ் வென்றார். பதவியேற்பு உரையிலேயே எஞ்சியிருந்த அடிமைமுறையையும் ஒழிக்கக் கோரினார். சட்டசபை அதற்கு நேர்மாறாக, அரசியலமைப்பைத் திருத்த மாநாடு கூட்டும் பிரேரணையைக் கொண்டுவந்தது. நோக்கம் என்னவென்பது எவருக்கும் மறைவாயிருக்கவில்லை.

மூன்றில் இரண்டு பெரும்பான்மைக்கு ஒரு வாக்குக் குறைந்தது. அதற்குக் கண்ட வழி விசித்திரமானது. எதிர்த்து வாக்களித்த நிக்கலஸ் ஹான்சன் என்ற உறுப்பினரின் தெரிவு, அக்கூட்டத்தொடரின் ஆரம்பத்தில் அதே சபையால் செல்லுபடியானதென ஏற்கப்பட்டிருந்தது. இப்போது அது தலைகீழாக்கப்பட்டு, அவரது ஆசனம் ஜோன் ஷோ என்பவருக்கு வழங்கப்பட்டது. ஷோ ஆதரித்து வாக்களித்தார்; பிரேரணை நிறைவேறியது. அன்றிரவு வெற்றிக்களிப்பில் ஒரு கூட்டம் கொம்பூதி, தகரம் தட்டி ஆளுநரின் வாசலில் ஆரவாரம் செய்தது. பெரும்பான்மை கையிலிருந்தால் எதையும் செய்யலாம் என்று கருதும் சபைகள் எந்தக் காலத்திலும் உண்டு.

இனி முடிவு மக்களிடம். சர்வஜன வாக்கெடுப்புக்கு ஏறத்தாழ பதினெட்டு மாதங்கள் இருந்தன. பத்திரிகைத் தொழிலில் காலங்கழித்த எனக்கு இவ்வரலாற்றின் மிகச் சுவையான பகுதி இதுதான். ஆண்டுக்கு 1,000 டொலர் வீதம் தமது நான்காண்டுச் சம்பளம் முழுவதையும் கோல்ஸ் இப்போராட்டத்திற்கே செலவிட்டார். தலைநகர் வண்டேலியாவிலிருந்து வெளிவந்த ‘இலினோய் இன்ரெலிஜென்சர்’ பத்திரிகையை நண்பர்களுடன் சேர்ந்து வாங்கி எதிரணியின் கையிலிருந்து மீட்டார். இங்கிலாந்திலிருந்து குடியேறிய மொரிஸ் பேர்க்பெக், ‘ஜொனதன் ஃப்ரீமன்’ என்ற புனைபெயரில் எளிய விவசாயிகளுக்கு விளங்கும் நடையில் கடிதங்கள் எழுதினார். அடிமை உழைப்பு வந்தால் ஏழை வெள்ளைக் குடியானவனின் உழைப்புக்கு மதிப்பிராது என்ற வாதம் நன்றாக எடுபட்டது. மனச்சாட்சியைவிட மடிக்கணக்கே பலரை அசைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

1824 ஓகஸ்ட் 2 இல் வாக்கெடுப்பு நடந்தது. மாநாட்டுக்கு ஆதரவாக 4,972 வாக்குகள், எதிராக 6,640.

தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. விடுவித்த அடிமைகளுக்காகச் சட்டப்படி பிணைப்பணம் கட்டவில்லை என்று ஆளுநர் மீதே தொடரப்பட்ட வழக்கில் 2,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. சட்டசபை அதைத் தள்ளுபடி செய்தபின்னும் கீழ்நீதிமன்றம் விடவில்லை. 1826 இல் மாநில உயர் நீதிமன்றமே அவரை விடுவித்தது. அவ்வாண்டு பதவிக்காலம் முடிய, அடுத்த ஆளுநராக வந்தவர் பழைய நினியன் எட்வர்ட்ஸ்தான்! கோல்ஸ் பின்னர் கொங்கிரசுக்குப் போட்டியிட்டுத் தோற்று, பிலடெல்பியாவுக்குச் சென்று குடியேறினார்.

உள்நாட்டுப் போர் மூண்டபோது அவருடைய மகன் ரொபேர்ட்ஸ், தந்தை விட்டுவந்த வேர்ஜீனியாவின் பக்கம் நின்று தென்மாநிலப் படையில் போரிட்டு, 1862 இல் ரோனோக் தீவுச் சமரில் மாண்டான். அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாவது திருத்தத்தை 1865 இல் முதன்முதலாக அங்கீகரித்த மாநிலம் இலினோய். அச்செய்தி வந்தபோது கோல்ஸ் பிலடெல்பியாவில் உயிருடன் இருந்தார். அவர் காலமானது 1868 இல்.