அப்பாச்சி பிஓஐ

அப்பாச்சி பிஓஐ என்பது மைக்ரோசாப்ட் ஆபிஸ் கோப்புகளை ஜாவா நிரல்களின் வழியாகப் படிக்கவும், எழுதவும், மாற்றவும் உதவும் கட்டற்ற நிரலகம் ஆகும். அப்பாச்சி மென்பொருள் நிறுவனத்தின் கீழ் தன்னார்வலர்களால் பேணப்படுகிறது. வேர்டு, பவர்பாயின்ட் கோப்புகளையும் இது கையாளும் என்றாலும், எக்செல் விரிதாள்களுக்காகவே பெரிதும் அறியப்படுகிறது. இதைப் பயன்படுத்தக் கணினியில் எக்செல் நிறுவப்பட்டிருக்கத் தேவையில்லை. ஆகவே லினக்சு வழங்கிகளிலும் இது இயங்கும். சம்பளப் பட்டியல், மதிப்பெண் பட்டியல், வங்கி அறிக்கை போன்றவற்றை ஒரு வலைச்செயலி எக்செல் கோப்பாகத் தருமிடங்களில் இத்தகைய நிரலகம் ஒன்று பின்னணியில் இயங்குவது வழக்கம்.

பெயரும் வரலாறும்

ஆன்ட்ரூ ஆலிவர், மார்க் ஜான்சன் ஆகியோர் 2001 ஆம் ஆண்டில் இத்திட்டத்தைத் தொடங்கினர். அக்காலத்தில் எக்செல் கோப்பின் ஈரும வடிவம் பற்றிய முழு விவரம் பொதுவில் இல்லை. கோப்புகளைப் பிரித்துப் பார்த்தே அதன் அமைப்பை அறிய வேண்டியிருந்தது. வேண்டுமென்றே குழப்பி வைக்கப்பட்டது போலத் தோன்றிய அவ்வடிவம், அதையும் சரியாகச் செய்யாததால் புரிந்துகொள்ளப்பட்டுவிட்டது என்னும் கேலியே பெயராயிற்று. 'மோசமான குழப்பல் நடைமுறை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே பிஓஐ. அவாய் தீவினர் சேப்பங்கிழங்கை மசித்துச் செய்யும் 'போய்' என்னும் உணவின் பெயரோடும் இது ஒத்துப்போகிறது. தமிழர் இதனை எழுத்துக் கூட்டாமல் படித்தால் வேறு பொருள் வந்துவிடும்.

பழைய எக்செல் கோப்புகளுக்கான பகுதி எச்எஸ்எஸ்எஃப் எனப்படுகிறது. 'கொடுமையான விரிதாள் வடிவம்' என்பதே அதன் விரிவு. வணிக நிறுவனங்கள் தயங்கும் என்பதால் இவ்விரிவுகள் பின்னர் அதிகாரப்பூர்வ பக்கங்களிலிருந்து நீக்கப்பட்டன. திட்டம் 2002 இல் அப்பாச்சியின் ஜகார்த்தா திட்டத்துள் சேர்ந்து, 2007 இல் தனித்திட்டமாக உயர்ந்தது. மைக்ரோசாப்ட் தன் ஈரும வடிவங்களின் விவரத்தை 2008 இல் வெளியிட்டது. எக்செல் 2007 உடன் வந்த எக்ஸ்எம்எல் அடிப்படையிலான புதிய வடிவத்துக்கான எக்ஸ்எஸ்எஸ்எஃப் பகுதி, 2009 இல் வெளியான 3.5 ஆம் பதிப்பில் இடம்பெற்றது.

பணித்தாள்களைக் கையாளுதல்

எக்செல் கோப்பு முழுவதும் ஒரு பணிப்புத்தகம். அதனுள் பணித்தாள்கள், தாளினுள் வரிசைகள், வரிசையினுள் கலங்கள் என்னும் அடுக்கையே பிஓஐ பின்பற்றுகிறது. 'கிரியேட்ஷீட்' புதிய தாளைச் சேர்க்கும். 'குளோன்ஷீட்' இருக்கும் தாளைப் படியெடுக்கும். 'செட்ஷீட்ஆர்டர்' தாள்களின் வரிசையை மாற்றும். 'ரிமூவ்ஷீட்அட்' தாளை நீக்கும்.

எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்குகிறது. திரையில் முதல் தாளாகத் தெரிவது நிரலுக்கு 0 ஆம் தாள். எக்செல்லின் 1 ஆம் வரிசை நிரலுக்கு 0 ஆம் வரிசை. தொடக்கநிலையில் இருப்போர் தடுமாறும் இடம் இதுவாகும். ஒரு தாளை நீக்கியவுடன் அதன் பின்னுள்ளவற்றின் எண்கள் ஒன்று குறைகின்றன. எனவே முன்னிருந்து பின்னாக எண்ணிக்கொண்டே நீக்கினால் ஒன்றுவிட்டு ஒன்று தப்பிவிடும். பின்னிருந்து முன்னாக நீக்குவதே சரியான முறை. எல்லாத் தாள்களையும் நீக்கிச் சேமித்தால், அக்கோப்பை எக்செல் பழுதானதாகவே கருதும்.

தாளின் பெயர் 31 குறிகளுக்கு மேற்படக் கூடாது. சாய்கோடு, பின்சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, உடுக்குறி, சதுர அடைப்புகள் ஆகியன பெயருள் வரக்கூடாது. ஒரே பெயர் இருமுறை வரவும் கூடாது. நீளமான பெயரைப் பிஓஐ 31 ஆம் குறியோடு வெட்டிவிடுகிறது. தமிழில் பெயரிடுவோர் இதில் கருத்தாக இருத்தல் வேண்டும். ஒருங்குறியில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், ஏழெழுத்துச் சொல்லாகிய 'திருவண்ணாமலை' 12 இடங்களை எடுத்துக்கொள்கிறது. வெட்டு எழுத்தின் நடுவே விழுந்தால் இறுதி மெய் தன் புள்ளியை இழந்து உயிர்மெய்யாகிவிடும்.

மற்றொரு குறைபாடு உடனே கண்ணில் படாதது. 'செட்ஆக்டிவ்ஷீட்' மூலம் இரண்டாம் தாளை முன்னிறுத்தினாலும், முதல் தாள் தேர்ந்தெடுக்கப்பட்ட நிலையிலேயே இருந்துவிடக்கூடும். அப்போது எக்செல் இரு தாள்களையும் ஒரு குழுவாகக் கொள்கிறது. பயனர் ஒரு தாளில் தட்டச்சிடுவது மற்றதன் அதே கலத்திலும் பதிந்து, அங்கிருந்ததை அழித்துவிடும். 'செட்செலக்டட்டேப்' என்பதையும் சேர்த்து அழைப்பதால் இது தவிர்க்கப்படுகிறது.

மறைத்தலும் பூட்டுதலும்

ஒரு தாளை இருவகையில் மறைக்கலாம். சாதாரணமாக மறைத்ததை எக்செல் பட்டியிலிருந்தே மீட்கலாம். 'மிக மறைந்த' நிலையில் உள்ளது அப்பட்டியலில் தோன்றாது. எனினும் நிரல் மூலம் யாரும் அதனைப் படிக்க இயலும். 'புரொடெக்ட்ஷீட்' கொண்டு கடவுச்சொல் இடுவதும் தவறுதலாகத் திருத்துவதைத் தடுக்க மட்டுமே. தாளில் உள்ள தரவு மறையாக்கம் செய்யப்படுவதில்லை. பழைய வடிவில் அக்கடவுச்சொல்லின் 16 பிட்டுச் சுருக்கம் மட்டுமே சேமிக்கப்படுவதால், பொருந்தும் வேறொரு சொல்லைக் கண்டுபிடிப்பது எளிது. ஊதிய விவரம் போன்றவற்றை மறைந்த தாளில் வைத்து அனுப்புவது பாதுகாப்பு ஆகாது. முழுக் கோப்பையும் மறையாக்கும் வசதி பிஓஐயில் தனியே உள்ளது.

வரிசை வரம்பு

பழைய வடிவின் தாளில் 65,536 வரிசைகளும் 256 நெடுவரிசைகளும் உண்டு. புதிய வடிவில் இவை 10,48,576, 16,384 ஆகும். இவ்வேறுபாடு எத்துணை விளைவை உண்டாக்கும் என்பதை 2020 இல் இங்கிலாந்து கண்டது. ஆய்வகங்களிலிருந்து வந்த கொரோனா முடிவுகளைப் பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்செல் வடிவில் சேர்த்தது. ஒரு நோயாளிக்குப் பல வரிசைகள் செலவாயின. தாள் நிரம்பியபின் வந்தவை விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. அந்நோயாளிகளின் தொடர்பில் இருந்தோரைத் தேடும் பணியும் அதனால் தாமதமாயிற்று.

அங்கு இந்நிரலகம் பயன்பட்டதாகச் சொல்லப்படவில்லை. எனினும் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது: பழைய வடிவில் 65,537 ஆவது வரிசையை உருவாக்க முயன்றால் பிஓஐ விதிவிலக்கை எழுப்பி நின்றுவிடுகிறது. அவ்விதிவிலக்கைப் பிடித்து ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும் நிரலோ அதே இழப்பை மீண்டும் உண்டாக்கும்.

நினைவகம்

எக்ஸ்எஸ்எஸ்எஃப் முழுத் தாளையும் நினைவகத்தில் வைத்திருப்பதால், பெரிய கோப்புகளில் நினைவகம் போதாமற் போவதுண்டு. 3.8 ஆம் பதிப்பில் வந்த எஸ்எக்ஸ்எஸ்எஸ்எஃப் இதற்கான தீர்வு. இயல்பாக அண்மைய 100 வரிசைகளை மட்டும் நினைவில் வைத்து, முந்தியவற்றை வட்டிலுள்ள தற்காலிகக் கோப்பில் எழுதிவிடுகிறது. எழுதப்பட்ட வரிசைக்குத் திரும்பிச் சென்று திருத்த இயலாது. ஆகவே மேல்வரியில் கூட்டுத்தொகை காட்ட விரும்புவோர் அதனை முன்னரே கணித்திருக்க வேண்டும், அல்லது வாய்பாடாக எழுத வேண்டும்.

வாய்பாடும் தரவு வகையும்

வாய்பாட்டுக் கலத்தில் வாய்பாடும், கடைசியாகக் கணித்த விடையும் சேர்ந்தே சேமிக்கப்படுகின்றன. பிஓஐ ஒரு கலத்தின் எண்ணை மாற்றும்போது, அதனைச் சார்ந்த வாய்பாடுகளின் விடை தானாக மாறுவதில்லை. கணிப்பானை அழைக்கவோ, கோப்பு திறக்கப்படும்போது மீளக் கணிக்குமாறு குறிக்கவோ வேண்டும். இது மறக்கப்பட்டால், அக்கோப்பைப் படிக்கும் இன்னொரு நிரல் பழைய விடையையே எடுத்துக்கொள்ளும்.

நாள்களுக்குத் தனி வகை இல்லை. அவை எண்களாகவே சேமிக்கப்படுகின்றன. கலத்தின் வடிவமைப்பைக் கொண்டுதான் அவ்வெண் நாள் என அறியப்படுகிறது. சரத்தை நாளாக மாற்றும் எக்செல்லின் வழக்கத்தால், 'மார்ச்1', 'செப்ட்1' என்பன போன்ற மனித மரபணுக் குறியீடுகள் ஆய்வுக் கோப்புகளில் தேதிகளாகிச் சிதைந்தன. இதனால் 2020 அளவில் அவை 'மார்ச்எஃப்1', 'செப்டின்1' என மாற்றப்பட்டன. பிஓஐ சரமாக எழுதிய மதிப்பை எக்செல் திறக்கும்போது அவ்வாறு மாற்றுவதில்லை. காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பைவிட இது பாதுகாப்பானது.

ஒத்த நிரலகங்கள்

பைத்தான் மொழியில் ஓபன்பைஎக்செல், பிஎச்பி மொழியில் பிஎச்பிஸ்பிரெட்சீட் ஆகியன இதே பணியைச் செய்கின்றன. ஓபன்பைஎக்செல் வரிசைகளை எக்செல்லைப் போலவே 1 இலிருந்து எண்ணுகிறது. பழைய ஈரும வடிவத்தை அது கையாள்வதில்லை. தான் அறியாத வரைவடிவங்களை அது படிக்காமல் விட்டுவிடுவதால், இருக்கும் கோப்பைத் திறந்து அதே பெயரில் சேமித்தால் அவை இழக்கப்படும். முதலில் ஒரு படியெடுத்து வைத்துக்கொள்வது நன்று.